காணிக்கைப் பையில் பாதிக் காசு

விளாங்குடியில் திண்டுக்கல் ரோட்டை ஒட்டி இருந்த அந்தச் சின்னக் கோயிலில், ஆண்டவரின் வருகைக்காகச் செல்லத்தாய் காத்திருந்த மாதிரி வேறு யாரும் காத்திருக்கவில்லை. போதகர்கூட இல்லை. கிறிஸ்மஸ் முடிந்தால் போதகருக்கு ஊருக்குப் போக லீவு கிடைக்கும், அவ்வளவுதான். செல்லத்தாய்க்கோ ஒரு ஆளை அவர் கையில் பிடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. "சாமி, இவன்தான், பார்த்துக்கிருங்க" என்று சொல்லிவிட்டு ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க வேண்டும். அதற்காகத்தான் அவள் உயிரை வைத்துக்கொண்டிருந்தாள்.

ஞானஸ்நானத்தில் அவளுக்கு வைத்த பெயர் கிருபை. அந்தப் பெயரைச் சொல்லி ஒருத்தரும் கூப்பிட்டதில்லை, கூப்பிட்டிருந்தாலும் பொருந்தியிருக்காது. செல்லம்பட்டிப் பக்கத்தில் வெள்ளாமை செய்கிற சம்சாரி வீட்டில் பிறந்தவள். மூக்குக்கு மேல் கோபம். புருஷன் மலையாண்டி சிம்மக்கல்லில் மூட்டை தூக்கினான். பிள்ளைகுட்டி இல்லை. இரண்டு பேரும் விளாங்குடிக்கு வந்து, வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர்களான பிறகு, கோயிலைக் கூட்டிப் பெருக்குவது, மணி அடிப்பது, பாய் விரிப்பது, பீடத்தில் விரிக்கிற ஆல்டர் துணியைத் துவைத்துப் போடுவது எல்லாம் செல்லத்தாயின் வேலையாயிற்று. சும்மா சொல்லக் கூடாது, அவள் கூட்டின தரையில் சோற்றைக் கொட்டிச் சாப்பிடலாம்.

அவள் பிடித்துக் கொடுக்க நினைத்த ஆள் தவசி. சிம்மக்கல்லில் அரிசிக்கடை வைத்திருந்தவர், சபைக்கு மூப்பர். வெள்ளை வேட்டி, தங்க ஃபிரேம் கண்ணாடி, கணீரென்ற குரல். செல்லத்தாய் ஒரு காலத்தில் அவரை வாய் நிறைய அண்ணே என்றுதான் கூப்பிட்டாள்.

நடந்தது இதுதான். கோயிலுக்குக் கரண்டு வராத காலம் அது. சபைக்கென்று ஒரே ஒரு பெட்ரோமாக்ஸ் லைட்டு இருந்தது. அறுப்பின் பண்டிகை முடிந்த வாரம் அதைக் காணவில்லை. கமிட்டி கூடியது. தவசி எழுந்து, "மலையாண்டி சாக்குல எதையோ சுத்தி, தோள்ல வச்சுக்கிட்டுப் போனதை என் கண்ணால பார்த்தேன். லைட்டு சைஸுதான் இருந்துச்சு" என்றார். அவர் கண்ணால் பார்த்தேன் என்று சொன்ன பிறகு யார் மறுத்துப் பேசுவது? மலையாண்டியை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். வெளியே வரும்போது அவனுடைய வலது கை முழங்கைக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது.

அவன் சாக்கில் சுற்றித் தூக்கிவந்தது பலாப்பழம். செல்லத்தாய் ஆசைப்பட்டுக் கேட்டாள் என்று சிம்மக்கல்லில் வாங்கி, பஸ்ஸில் கண்டக்டர் ஏற்றமாட்டேன் என்றதால் தோளிலேயே சுமந்து வந்தது. அந்தப் பழத்தை அவள் தின்றும் முடித்திருந்தாள். கொட்டையை வறுத்துக்கூடத் தின்றிருந்தாள். அதையெல்லாம் ஸ்டேஷனில் சொன்னபோது சிரித்தார்கள்.

அதோடு போயிருந்தால்கூட ஆள் தெரியாமல் சொல்லிவிட்டார் என்று மனசு ஆறியிருக்குமோ என்னவோ. ஆறு மாசம் கழித்து அந்த லைட்டு சிம்மக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் தவசியின் கண்ணிலேயே பட்டது. டேங்கில் சபையின் பெயர் வெட்டியிருந்தது. பண்டிகைக்குப் பந்தல் போட வந்த எவனோ, பந்தலைப் பிரித்த கையோடு கொண்டுவந்து விற்றிருக்கிறான். தவசி அதைச் சத்தமில்லாமல் வாங்கிவந்து, ஆல்டருக்குப் பின்னால் இருந்த உடுப்பறையில் வைத்துவிட்டு, "பழசைக் கிளற வேணாம், சபைக்குத்தான் அசிங்கம்" என்று கமிட்டியில் சொல்லி முடித்துக்கொண்டார். கூட்டப் போன செல்லத்தாய் லைட்டைப் பார்த்தாள். காணிக்கைக் கணக்கு வைத்திருந்த சிவனாண்டியை மடக்கிக் கேட்டாள். அந்த மனுஷனுக்குப் பொய் சொல்ல வராது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு ஓடிவந்து மலையாண்டியிடம் சொன்னாள். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்! "கிடைச்சிருச்சா? அப்பத் தவசி அண்ணே வருவாரு. நேர்ல வந்து சொல்லுவாரு, பாரேன்" என்றான். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால், விளங்காத கையை மெதுவாக நுழைத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொள்வான். வருகிறவர் முன்னால் வெற்றுடம்போடு இருக்கக் கூடாதாம். ஒரு ஞாயிறு போயிற்று, பல ஞாயிறுகள் போயின. ஒரு ஈ காக்கை வரவில்லை. தெருப் பிள்ளைகள் அவனை லைட்டுத் திருடன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தன. காய்ச்சலில் விழுந்து அவன் செத்தபோதும் பெட்டிக்குப் பின்னால் நடந்துவந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். தவசி மாலையோடு வந்தார். செல்லத்தாய் அந்த மாலையைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாள்.

இத்தனைக்கும் பிறகு அவள் கோயில் வேலையை விடவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "அந்தாளு மூஞ்சியில முழிச்சாத்தான் என் கோவம் காயாம இருக்கும்" என்று சொன்னாள்.

கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிறுகள் வருகைக் காலம். ஆல்டரில் வெள்ளைத் துணியை எடுத்துவிட்டு ஊதாத் துணி விரிப்பார்கள். வாலிபர்கள் மூங்கில் தப்பையில் கலர் பேப்பர் ஒட்டி ஸ்டார் கட்டுவார்கள். கிறிஸ்மஸுக்கு முந்தின கடைசி ஞாயிறில் ஒரு தீர்க்கதரிசனப் பாடம் வாசிக்கிற வழக்கம் உண்டு. செல்லத்தாய் வருஷம் பூராவும் காத்திருந்தது அந்தப் பாடத்துக்குத்தான். வெட்டிப்போட்ட மரத்தின் அடிக்கட்டையில் ஒரு துளிர் விடும். வரப்போகிறவர் அவர்தான். கண்ணால் பார்த்ததை வைத்து அவர் தீர்ப்புச் சொல்ல மாட்டார், காதால் கேட்டதை வைத்து முடிவுகட்ட மாட்டார். எளியவனுக்கு நியாயம் செய்வார். அக்கிரமக்காரனை வாயால் ஊதியே சாகடித்துவிடுவார்.

அரிவாள் வேண்டாம், கம்பு வேண்டாம், ஊதினால் போதும்! அந்த இடம் வந்ததும் செல்லத்தாய்க்கு வயிறு குளிர்ந்துபோகும். அதற்குமேல் என்ன வாசித்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. ஊதினதும் அந்தாள் குப்புற விழுவாரா மல்லாக்க விழுவாரா, கண்ணாடி எந்தப் பக்கம் தெறிக்கும் என்ற யோசனையில் உட்கார்ந்திருப்பாள். இதில் பெரிய வேடிக்கை, வருஷா வருஷம் அந்தப் பாடத்தை வாசிக்கிறவரே தவசிதான். மூப்பருக்கு உண்டான மரியாதை அது. தன் தீர்ப்பைத் தானே கணீரென்று வாசித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு போய் உட்காருவார். செல்லத்தாய் பாயில் இருந்தபடி, வாசி மகனே வாசி என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள்.

எழுபத்தெட்டாம் வருஷம் புதிதாக ஒரு போதகர் வந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர், சின்ன வயசு. வருகைக் காலத்து முதல் ஞாயிறிலேயே பிரசங்கத்தில் பொரிந்து தள்ளினார். "வரப்போகிறவர் நியாயாதிபதி! மனுஷ கோர்ட்டில் தோற்றுப்போனவர்களே, உங்கள் வழக்கை அவர் சந்நிதியில் வையுங்கள்!" என்று மேடையைத் தட்டினார். மற்றவர்கள் அதைப் பிரசங்கமாகக் கேட்டார்கள். செல்லத்தாய் அதை உத்தரவாகக் கேட்டாள்.

அவள் பிறந்த பக்கத்தில், ஸ்டேஷனிலும் பஞ்சாயத்திலும் நியாயம் கிடைக்காதவர்கள் கடைசியாகச் செய்கிற காரியம் ஒன்று உண்டு. கருப்பசாமி கோயிலுக்குப் போய், சந்நிதிக் கல்லில் ஒரு காசை வைத்து இரண்டாக வெட்டி, பாதியைச் சாமி முன்னால் போட்டுவிட்டு, பாதியை முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிடுவார்கள். காசு வெட்டிப் போடுவது என்று அதற்குப் பெயர். வழக்கு அதோடு சாமி கைக்குப் போய்விட்டது. பிறகு இரண்டு வீட்டுக்கும் நடுவில் தண்ணீர்கூடப் புழங்கக் கூடாது. சாமி எதிராளியைக் கேட்கும், அவன் தப்பினால் அவன் வம்சத்தைக் கேட்கும். வெட்டினவளே மனசு வந்து போய், போட்ட பாதியைத் தன் கையால் எடுத்தால்தான் விடும்.

கருப்பனிடமே போகலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷம் எட்டிப் பார்க்காமல் இருந்துவிட்டு இப்போது போய் நின்றால், "வாத்தா, இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சாக்கும்" என்று கேட்க மாட்டானா? தவிர, தவசியும் வேதக்காரர். வேதக்காரர் வழக்கை அவருடைய சாமியிடம் வைப்பதுதானே முறை. அடுத்த ஞாயிறு விடிந்ததும் கோயிலைக் கூட்டி முடித்துவிட்டு, தாமரைப்பூ போட்ட மஞ்சள் இருபது பைசா ஒன்றை எடுத்தாள். தங்கம் மாதிரி இருக்கிறதென்று மலையாண்டி எடுத்துவைத்திருந்த காசு அது. கோயில் படிக்கல்லில் அதை வைத்து, உளியை நிறுத்தி, சுத்தியால் ஓங்கி ஒரு போடு போட்டாள். ஆராதனையில் காணிக்கைப் பை வந்தபோது ஒரு பாதி உள்ளே போனது.

அன்றைக்கு உடுப்பறையில் பையைத் தட்டில் கவிழ்த்த சிவனாண்டி, சூடு பட்டவர் மாதிரிக் கையை இழுத்துக்கொண்டார். "ஐயா! காசு வெட்டிப் போட்ருக்காக!"

போதகருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "செல்லாத காசுதானே? பேங்கில் வாங்க மாட்டார்கள். எடுத்துத் தூரப் போடுங்கள்" என்றார்.

"தூரப் போடுறதா! ஐயா, உங்க ஊர்ல இது இல்லாம இருக்கலாம். எங்க பக்கத்துல இதைத் தொட்டவனும் கெட்டான்."

அந்தச் சபையில் பாதிப்பேர் மேற்கே செல்லம்பட்டிப் பக்கமிருந்து வந்து ஞானஸ்நானம் வாங்கினவர்கள். தலையில் தண்ணீர் விழுந்ததே தவிர ரத்தம் பழைய ரத்தம்தான். யார் வெட்டியிருப்பார்கள், யார்மேல் வெட்டியிருப்பார்கள் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. எல்லாருடைய கண்ணும் தவசியிடம் போயிற்று. அவர் முகத்தில் ஈயாடவில்லை. பாதிக் காசு தட்டிலேயே கிடந்தது. தட்டையும் காணிக்கைப் பையையும் தொட ஆள் இல்லாமல், அதற்கடுத்த ஞாயிறு ஒரு ஜவுளிக்கடை மஞ்சள் பையில் காணிக்கை எடுத்தார்கள்.

போதகர் செல்லத்தாயைக் கூப்பிட்டனுப்பினார். சிவனாண்டியும் தவசியும் உடன் இருந்தார்கள். "இது அஞ்ஞானப் பழக்கம், அம்மா" என்று போதகர் ஆரம்பித்தார்.

"வழக்கை அவருகிட்ட வையுங்கன்னு நீங்கதான ஐயா சொன்னீக? வாயால சொன்னா காதுல விழுமோ விழாதோன்னு காசை வெட்டி வச்சேன்."

"நம்முடைய ஆண்டவர் பழிவாங்குகிறவர் இல்லை."

"அப்ப ஊதிச் சாகடிப்பாருன்னு வருசா வருசம் வாசிக்கிறது என்ன, கொசுவையா?"

சிவனாண்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுகிற மாதிரி வாயைப் பொத்திக்கொண்டார். போதகர் வேறு பக்கமாக வந்தார். "சரி, அந்தக் காசை எடுத்துக்கொள்ள என்ன வேண்டும், சொல்லுங்கள்."

"ஒண்ணும் பெருசா வேணாம். கண்ணால பார்த்தேன்னு அவரு சொன்னாருல்ல? அதே வாயால, சபைக்கு முன்னால நின்னு, மலையாண்டி எடுக்கல, நான் பார்த்தது தப்புன்னு சொல்லட்டும். அந்த நிமிசமே எடுத்துர்றேன்." இதைச் சொல்லும்போது அவள் தவசியைப் பார்க்கவே இல்லை. தவசி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் ஞாயிறு கழிந்து ஒரு சாயங்காலம் தவசியே வந்துவிட்டார். இவர் வருவார் வருவார் என்று மலையாண்டி பார்த்துக்கொண்டிருந்த அதே வாசல். உள்ளே வராமல் தெருவிலேயே நின்றார்.

"செல்லத்தாயி, எடுத்துரு. வீட்டுல பிள்ளைத்தாச்சி இருக்கா. பயந்து வருது."

"எங்க வீட்டுலயும் ஒருத்தரு இருந்தாரு. சட்டையப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரு. அன்னைக்கு இந்தத் தெரு உங்களுக்குத் தெரியலையாக்கும்?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தப்புத்தான். இந்தா, உன்கிட்டச் சொல்றேன். மன்னிச்சுக்க."

"என்கிட்ட எதுக்கு? நானா திருடினேன்னு சொன்னீக? அம்புட்டுப் பேரு முன்னால சொன்னதை அம்புட்டுப் பேரு முன்னால அழிங்க."

"சபைக்கு முன்னால எப்பிடித்தா? நான் மூப்பன். அதுக்கப்பறம் என் மூஞ்சியை எங்கிட்டு வைக்கிறது?"

"அப்ப வரட்டும். வாரவரு வரட்டும், அவருகிட்டப் பேசிக்கிருங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். சாத்தின கதவுக்குப் பின்னால் நின்று, அவர் செருப்புச் சத்தம் தேய்கிற வரைக்கும் கேட்டாள். நாக்கில் வெல்லத்தை வைத்த மாதிரி இருந்தது. வெட்கப்படாமல் சொல்கிறேன், அவள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து மத்தியான வெயிலில் அவருடைய மருமகள் அன்னக்கொடி வந்தாள். புருஷன் லாரியில் வடக்கே போயிருந்தான். ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுத் தனியாக நடந்து வந்தவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "சின்னாத்தா, கொஞ்சம் தண்ணி குடுங்க. கண்ணைக் கட்டுது" என்றாள்.

செல்லத்தாய் செம்பை எடுக்கப் போனவள், அப்படியே நின்றாள். "இந்த வீட்டுத் தண்ணி உனக்கு ஆகாதுத்தா."

"ஏன் சின்னாத்தா? நான் என்ன பண்ணுனேன்? வீட்டுல காசு காசுங்கிறாக. எதுக்குன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கிறாக."

வேண்டாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் கேட்க ஒரு ஆள் கிடைத்துவிட்டதே! லைட்டு, பலாப்பழம், திரும்பிப்போன கை, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை, எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். அன்னக்கொடி முழுக்கக் கேட்டாள். காசை எடுங்கள் என்று கெஞ்சவில்லை. முடிந்ததும் நிலைப்படியைப் பிடித்து எழுந்தாள். "இம்புட்டு நடந்திருக்கு, எனக்கு ஒருத்தரும் சொல்லலையே" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

தெருக்கோடியில் இருந்த குழாயில் அவள் குனிய முடியாமல் குனிந்து, கையை ஏந்தித் தண்ணீர் குடிப்பதைச் செல்லத்தாய் வாசலில் இருந்து பார்த்தாள். செம்பு நிறையத் தண்ணீர் உள்ளே இருந்தது. கொடுக்காமல் போனது அந்தப் பிள்ளையின் நல்லதுக்கா, தவசியின் மருமகள் என்ற காந்தலிலா? அவளுக்கே தெரியவில்லை. வேணும், அவன் வீட்டுப் பிள்ளைதானே என்று சொல்லிப் பார்த்தாள். வழக்கமாக இனிக்கிற சொல் அன்றைக்கு இனிக்கவில்லை. அதற்கும் சேர்த்துத் தவசி மேல்தான் கோபம் வந்தது.

கடைசி ஞாயிறு வந்தது. இந்த வருஷம் தவசி வாசிக்க மாட்டார் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். ஆனால் எழுந்து போனார். போகாவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே! செல்லத்தாய் எப்போதும் பின்பாயில் உட்காருகிறவள், அன்றைக்கு முன்பாயில் போய், அவர் முகத்துக்கு நேராகச் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். அவர் கை நடுங்குகிறதா, குரல் தடுமாறுகிறதா என்று ஒரு துளி விடாமல் பார்த்துவிட வேண்டும்.

அடிக்கட்டையும் துளிரும் வந்தன. குரல் நன்றாகத்தான் இருந்தது. கண்ணால் பார்த்ததை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டார் என்ற இடத்தில் லேசாக இருமினார். ஊதிச் சாகடிக்கிற இடமும் வந்தது. நடுங்கவில்லை. செல்லத்தாய்க்கு ஏமாற்றமாக இருந்தது. எங்கேயாவது நடுங்குவான், விடக் கூடாது என்று, முதல்முறையாக அதற்குமேலும் காதைத் தீட்டிக் கேட்டாள்.

ஓநாய் ஆட்டுக்குட்டியோடு தங்குமாம். புலியும் வெள்ளாடும் ஒரே இடத்தில் படுத்துக்கொள்ளுமாம். இதென்ன, ஊதிச் சாகடித்த கையோடு இப்படி ஒரு பேச்சு என்று நினைத்தாள். பால்குடிக்கிற பிள்ளை பாம்பு இருக்கிற பொந்தின்மேல் விளையாடும் என்ற இடத்தில் தவசியின் குரல் உடைந்தது. அடுத்த வரியை அவரால் வாசிக்கவே முடியவில்லை. பெண்கள் பக்கம், சுவரில் சாய்ந்து அன்னக்கொடி வயிற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் அவளையே பார்த்தார். எதற்காகச் செல்லத்தாய் முன்னால் வந்து உட்கார்ந்தாளோ அது நடந்துவிட்டது. தவசி எல்லார் முன்னாலும் வாய் கோணி அழுதார்.

ஆனால் அவளுக்கு அதைப் பார்க்க மனசு இல்லை. அவள் அந்தப் பொந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் அறியாத ஒரு பிள்ளை அதன்மேல் கையை வைக்கிறது. உள்ளே ஒரு பாம்பு சுருண்டு கிடக்கிறது. இத்தனை வருஷமும் அந்தப் பாடத்தில் வருகிற எளியவள் தான்தான் என்று நினைத்திருந்தாளே! செம்பு நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு, கண்ணைக் கட்டுது என்று வந்தவளுக்கு இல்லை என்றவள் எளியவளா? பொந்துக்குள் கிடப்பது யார் என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் நேராக உடுப்பறைக்குப் போனாள். தட்டில் கிடந்த பாதிக் காசை எடுத்து, முந்தானையில் இருந்த பாதியோடு சேர்த்து முடிந்துகொண்டாள். பார்த்துக்கொண்டிருந்த தவசி கையெடுத்துக் கும்பிட்டார். "பெரிய மனசுத்தா உனக்கு" என்றார்.

"பெரிய மனசும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. பிள்ளைக்காக எடுத்தேன். உங்களுக்கு வெட்டுனது இங்க இருக்கு" என்று நெஞ்சில் தட்டிக்காட்டினாள். "அதை எடுக்க எனக்குக் கை வரல."

அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். போனவர் போனவர்தான். காசு போயிற்று, பயமும் போயிற்று, சபைக்கு முன்னால் சொல்ல வேண்டியதும் அதோடு போயிற்று. கிறிஸ்மஸ் அன்றைக்குப் புது வேட்டி கட்டிக்கொண்டு எல்லாருக்கும் கேக் கொடுத்தார். செல்லத்தாய்க்கு வயிறு பற்றி எரிந்தது. கையில் இருந்த ஒரே ஆயுதத்தையும் கொடுத்துவிட்டோமே என்று மாரில் அடித்துக்கொண்டாள். அந்த வாரமே அன்னக்கொடிக்குச் சுகப்பிரசவம், ஆண் பிள்ளை.

ஈஸ்டர் கழிந்து ஒரு ஞாயிறில் பிள்ளைக்கு ஞானஸ்நானம். தாத்தாவே ஞானத்தகப்பனாக நின்று பிள்ளையைக் கையில் ஏந்தியிருந்தார். தன் அப்பாவின் பெயரை வைப்பதாக ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். செல்லத்தாய் மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலோரம் நின்றாள். "இந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லுங்கள்" என்றார் போதகர். தவசி வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற அன்னக்கொடி சத்தமாகச் சொன்னாள். "மலையாண்டி."

போதகர் தயங்கினார். "அம்மா, அது வேதப் பெயர் இல்லையே..."

"இந்தச் சபையில ஞானஸ்நானம் வாங்கினவரு பேருதான் ஐயா. எங்க மேல காசு வெட்டினவுக வீட்டுல ஒரு வாய்த் தண்ணிக்கு வழியில்லாம நான் நின்னேன், அது யாரால? எங்க மாமா சொல்லுவாரு, கேளுங்க." மாமனார் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்க மாமா. என் பிள்ளைக்காக அவுக காசை எடுத்துட்டாக. நீங்க சொல்லலைன்னா, நான் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு இப்பிடியே எங்காத்தா வீட்டுக்குப் போறேன். பேரன் முகத்தை நீங்க பார்க்க முடியாது."

அவள் சொன்னதைச் செய்கிறவள் என்று தவசிக்குத் தெரியும். பிள்ளை அவருடைய கண்ணாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அவர் அதை எடுத்துவிடவும் இல்லை. "இவன் பேரு மலையாண்டி" என்றார். கணீர்க் குரல் எங்கேயோ போயிருந்தது. "அந்த மலையாண்டி லைட்டை எடுக்கல. அவன் தூக்கிட்டுப் போனது பலாப்பழம். நான் பார்த்தது தப்பு. லைட்டு கிடைச்ச பெறகும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அது அதைவிடத் தப்பு."

இதைக் கேட்டால் ஆடித் தீர்த்துவிடுவேன் என்று செல்லத்தாய் நினைத்திருந்தாள். ஆனால் கயிற்றைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டாள். மேலே மணி ஒரு தடவை அடித்து ஓய்ந்தது. இதைக் கேட்க வேண்டிய மனுஷன் சட்டையைப் போட்டுக்கொண்டு காத்திருந்து காத்திருந்து மண்ணுக்குள் போய்விட்டானே என்று வாய்விட்டு அழுதாள். அழுகையில் பாதி துக்கம், பாதி கோபம்.

மாற்றலாகிப் போகும்போது போதகர் அவளிடம், "இப்போதாவது அவரை மன்னித்துவிட்டீர்களா, அம்மா?" என்று கேட்டாராம். "பாம்பு கடிக்காதுன்னுதான ஐயா வாசிக்கிறீக? விஷம் போயிருச்சுன்னு எங்கயும் வாசிக்கலையே" என்றாளாம். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

பேரன் நடக்க ஆரம்பித்ததும் வீட்டில் தங்கவில்லை. எந்நேரமும் கோயில் வாசல் மணலில்தான் விளையாட்டு. ரோட்டில் லாரி வருகிற சத்தம் கேட்டாலே தவசிக்குக் குலை பதறும். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவருவார். "மலையாண்டி! ஏய்யா மலையாண்டி! ரோட்டுக்குப் போகாதய்யா, வாய்யா!" என்று தெரு முழுக்கக் கேட்கக் கத்துவார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கணக்கே கிடையாது.

ஒவ்வொரு தடவையும் செல்லத்தாய் கூட்டுவதை நிறுத்திவிட்டு, விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு கேட்பாள். பிள்ளை தாகம் என்று வந்தால் முதலில் அதற்குச் செம்பில் தண்ணீர் கொடுப்பாள். பிறகு தெருப்பக்கம் திரும்பி, அவர் காதில் விழாதபடி, "கூப்பிடு" என்பாள். "நல்லாக் கூப்பிடு. அவரு சட்டையைப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாருல்ல, அன்னைக்கு வந்து கூப்பிட்டிருக்க வேண்டிய பேருதான் அது."